வைத்தியர் சுபாஷ் முகோபாத்யாயும் 53 நாட்களும்

விஞ்ஞான பாடத்தில் மனித இனப்பெருக்கம் என்னும் அலகுக்கு வந்தவுடன் உங்களுள் பலர் அதனை விரைவாகப் புரட்டிவிட்டு அடுத்த அலகுக்குச் செல்ல விரும்புவீர்கள். சிலர் தலையைக் குனிந்துகொள்வதும் பின் வாங்கிலிருந்து சிரிப்பொலி எழுவதும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரே மாதிரித்தான். ஆசிரியரும் மாதவிடாய்ச் சக்கரத்தின் வரைபடத்தைக் கரும்பலகையில் வரைந்து, எந்த நாளில் எந்த ஓமோன் உயரும் என்பதை மனனம் செய்யுமாறு கூறிவிட்டு அப்பால் சென்றுவிடுவதுண்டு.

அந்த வரைபடத்தை மனனம் செய்வதோடு நின்றுவிடாது, அதனை ஆழ்ந்து வாசித்த ஒருவரின் வாழ்க்கையை இங்கே கூறுகின்றோம். அதைச் சரியாக வாசித்ததனால் அவர் ஒரு தாய்க்குக் குழந்தைப் பேற்றைக் கொடுத்தார். ஆனால் அவர் செய்ததை மதிப்பிட அமர்த்தப்பட்டவர்கள் அவரை நம்பவில்லை. அவர் பெயர் சுபாஷ் முகோபாத்யாய். முகர்ஜி என்றும் இவரைக் குறிப்பிடுவர். வங்காளத்தில் முகோபாத்யாய், முகர்ஜி என்பன ஒரே குடும்பப் பெயரின் இரு வடிவங்கள். எனவே வேறு நூல்களில் வேறு பெயரைக் கண்டால் குழம்ப வேண்டாம்.

இளமையும் கல்வியும்

சுபாஷ் 1931 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆம் திகதி ஹஸாரிபாக் என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் அன்று பீகார்-ஒரிசா மாகாணத்தில் இருந்தது. இன்று ஜார்கண்ட் மாநிலத்திற்கு உரியது. கல்கத்தாவில் முதலில் உடற்றொழிலியலைக் கற்றுப் பட்டம் பெற்றார். உடலின் உறுப்புகள் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை ஆராய்வதே உடற்றொழிலியல். பின்னர் கல்கத்தா தேசிய மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1955 இல் வைத்தியரானார்.

வைத்தியராகிய பின்னரும் அவர் மாணவராகவே இருந்தார். 1958 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இனப்பெருக்க உடற்றொழிலியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அத்துடன் அமையாது ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகருக்குச் சென்று ஜோன் லொரேன் என்னும் அறிஞரின் கீழ் ஆய்வு செய்து 1967 இல் இரண்டாவது கலாநிதிப் பட்டத்தையும் பெற்றுக்கொண்டார். இந்த இரண்டாவது ஆய்வைச் சற்றுக் கவனியுங்கள். எல்.எச். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் லூட்டினாக்கும் ஓமோனை அளவிடும் முறையைப் பற்றியது அது. இரத்தத்திலும் சிறுநீரிலும் மிக மிகச் சிறிய அளவில் உள்ள ஒரு பொருளை அளவிடுவது அக்காலத்தில் எளிதான காரியமன்று. ஓமோன்களை அளந்து அளந்து பழகிய கைகளோடு அவர் கல்கத்தாவுக்குத் திரும்பினார் என்பதை நினைவில் வைத்திருங்கள். பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இது உதவும்.

நாடு திரும்பியவர் கல்கத்தாவின் நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் உடற்றொழிலியல் கற்பித்தார். அங்கே விரிவுரையாளராகத் தொடங்கிப் பேராசிரியர் நிலை வரை உயர்ந்தார். மாணவருக்குப் பாடம் நடத்துவதும், பிள்ளையில்லை என்று வரும் தம்பதியரைப் பரிசோதிப்பதும், கிடைத்த சிறிய இடத்தில் ஆய்வு நடத்துவதுமாக அவரது நாட்கள் கழிந்தன.

வரைபடத்தை மீண்டும் எடுங்கள்

இனி உங்கள் பாடநூலில் உள்ள வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள். கதை சற்று நேரம் காத்திருக்கட்டும்.

மூளையின் அடியில் பயற்றங்காய் விதையளவே உள்ள கபச்சுரப்பியிலிருந்து இரண்டு ஓமோன்கள் குருதியிற் கலக்கின்றன. ஒன்று எப்.எஸ்.எச். எனப்படும் புடைப்பைத் தூண்டும் ஓமோன். மற்றையது மேலே கூறிய எல்.எச். சூலகத்தினுள் சூலைச் சுற்றிக் கலங்கள் சூழ்ந்த சிறு பை போன்ற அமைப்புகள் உள்ளன. இவையே புடைப்புகள். எப்.எஸ்.எச். தூண்டுவதால் ஒவ்வொரு மாதமும் சில புடைப்புகள் வளரத் தொடங்குகின்றன. அவற்றுள் பொதுவாக ஒன்றே முற்றாக முதிர்கின்றது. ஏனையவை இடையில் சிதைந்து போகின்றன.

வளரும் புடைப்பு ஈஸ்திரஜன் என்னும் ஓமோனைச் சுரக்கின்றது. அதனால் கருப்பையின் உட்படை தடிக்கின்றது. ஈஸ்திரஜன் உச்ச அளவை எட்டும்போது கபச்சுரப்பி திடீரென எல்.எச்.ஐ அதிகளவில் வெளிவிடுகின்றது. 28 நாட்கள் கொண்ட சக்கரத்தில் இது ஏறத்தாழ 14 ஆம் நாளை அண்டி நிகழும். புடைப்பு வெடித்துச் சூல் வெளியேறும். எஞ்சிய புடைப்பு மஞ்சட் சடலமாக மாறிப் புரொஜெஸ்தரோனைச் சுரக்கும். புரொஜெஸ்தரோனே கருப்பையின் உட்படையை முளையம் பதிவதற்கு ஏற்றவாறு தயார்ப்படுத்துகின்றது. சூல் கருக்கட்டப்படாவிடின் மஞ்சட் சடலம் சிதைந்து, புரொஜெஸ்தரோன் குறைந்து, தடித்த உட்படை மாதவிடாயாக வெளியேறும்.

இதில் மாணவர் பலர் கவனியாது விடும் விடயம் ஒன்று உண்டு. சூலகத்தில் ஒரு கடிகாரமும் கருப்பையில் இன்னொரு கடிகாரமும் ஓடுகின்றன. இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் மாத்திரமே கரு தங்கும். முளையம் கருப்பையை வந்தடையும் நாளில் உட்படையும் அதை ஏற்கும் நிலையில் இருக்க வேண்டும். ஆயத்தம் முந்தினாலும் பயனில்லை. பிந்தினாலும் பயனில்லை. திருமண வீட்டில் மாப்பிள்ளை வந்து நிற்கும் போது பந்தலே போடப்படாதிருந்தால் எப்படியோ அப்படி.

சூலும் விந்தும் சந்திப்பது பலோப்பியன் குழாயில் என்பதை நீங்கள் அறிவீர்கள். நோய்த் தொற்று முதலிய காரணங்களால் இரண்டு குழாய்களும் அடைபட்டுவிட்டால் அவை சந்திக்க வழியில்லை. ஓமோன்கள் எல்லாம் ஒழுங்காகச் சுரந்தாலும், சூல் மாதந்தோறும் வெளியேறினாலும், அப்பெண் கருத்தரிக்க மாட்டார். சுபாஷிடம் வந்த ஒரு தம்பதியரின் நிலை இதுதான்.

எங்கள் சமூகத்தில் பிள்ளையில்லாத பெண் படும் பாட்டை நீங்கள் கண்டிருப்பீர்கள். கோயில் கோயிலாக நேர்த்தி வைப்பது, உறவினர் வீட்டுச் சடங்குகளில் ஒதுங்கி நிற்பது, யாரோ எங்கோ சொன்ன சொல்லைப் பொறுத்துக்கொள்வது. காரணம் கணவரின் பக்கத்தில் இருக்கும்போதும் பழி மனைவிக்கே வந்து சேரும். விந்துக்களின் எண்ணிக்கையோ அசைவோ குறைவாக இருப்பதாலும் பிள்ளைப்பேறு தடைப்படலாம் என்பதை விடையில் எழுதத் தவறாதீர்கள். கல்கத்தாவின் அந்தத் தம்பதியரும் பழமை பேணும் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். தாம் பெற்ற சிகிச்சை வெளியே தெரியக்கூடாது என்பது அவர்களது விருப்பமாக இருந்தது. இந்த விருப்பம் பின்னால் சுபாஷுக்குப் பெரும் விலையாக முடிந்தது.

இங்கிலாந்தில் ஒரு வழி, கல்கத்தாவில் வேறு வழி

அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் றொபேட் எட்வேட்ஸ் என்னும் உடற்றொழிலியலாளரும் பற்றிக் ஸ்ரெப்ரோ என்னும் சத்திர சிகிச்சை நிபுணரும் ஜீன் பேர்டி என்னும் தாதியும் இதே பிரச்சினையோடு போராடிக்கொண்டிருந்தனர். சூலைக் குழாய்க்குச் செல்ல விடாது சூலகத்திலிருந்தே எடுத்து, கண்ணாடிக் கிண்ணம் ஒன்றில் விந்தோடு சேர்த்துக் கருக்கட்டச் செய்து, உண்டாகும் முளையத்தைக் கருப்பையில் வைப்பது அவர்களது திட்டம். பரிசோதனைக் குழாய்க் குழந்தை என்ற பெயர் பத்திரிகைகள் பரப்பிய பெயர். குழந்தை குழாயில் வளர்வதில்லை. சில நாட்கள் மாத்திரமே முளையம் கிண்ணத்தில் இருக்கும். எஞ்சிய காலமெல்லாம் தாயின் கருப்பையிலேயே வளரும்.

அவர்கள் ஆரம்பத்தில் ஓமோன்களை ஊசி மூலம் ஏற்றிப் பல சூல்களை முதிரச் செய்து பார்த்தனர். முளையங்கள் உண்டாயின. ஆனால் கருப்பையில் தங்கவில்லை. ஆகவே ஊசிகளைக் கைவிட்டு, இயற்கைச் சக்கரத்தில் முதிரும் ஒரேயொரு சூலை, எல்.எச். உயரும் நேரத்தைச் சிறுநீரில் அளந்து பார்த்து, உரிய வேளையில் எடுத்தனர். 1978 ஆம் ஆண்டு ஜூலை 25 ஆம் திகதி ஓல்ட்ஹாம் நகர வைத்தியசாலையில் லூயிஸ் பிறவுண் பிறந்தாள். உலகின் முதலாவது பரிசோதனைக் குழாய்க் குழந்தை அவளே.

சுபாஷ் எடுத்த வழி வேறு. அவர் ஊசியைக் கைவிடவில்லை. எச்.எம்.ஜி. என்னும் மருந்தை அவர் பயன்படுத்தினார். மாதவிடாய் முற்றாக நின்றுவிட்ட வயதான பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் மருந்து இது. இத்தாலியில் இம்மருந்தை முதன் முதலில் தயாரித்தபோது கன்னியர் மடங்களில் வாழ்ந்த முதிய சகோதரிகளின் சிறுநீரைத் திரட்டினார்கள் என்பது சுவையான செய்தி. ஏன் முதியவர்களின் சிறுநீர்? சூலகம் ஓய்ந்துவிட்டால் ஈஸ்திரஜன் குறைகின்றது. ஈஸ்திரஜனின் கட்டுப்பாடு இல்லாதபோது கபச்சுரப்பி எப்.எஸ்.எச்., எல்.எச். ஆகிய இரண்டையும் மிகுதியாகச் சுரந்து தள்ளுகின்றது. மிகுதியானது சிறுநீருடன் வெளியேறுகின்றது. பின்னூட்டக் கட்டுப்பாடு என்று நீங்கள் படித்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

ஊசியேற்றியதும் ஒன்றுக்குப் பதிலாகப் பல புடைப்புகள் முதிர்ந்தன. இங்கிலாந்தில் வயிற்றில் துளையிட்டுக் கருவியைச் செலுத்திச் சூலை எடுத்தனர். சுபாஷின் குழுவினர் யோனிவழியின் சுவரில் சிறு வெட்டிட்டு அவ்வழியாகச் சூலகத்தை அணுகினர். குழுவினர் என்றால் மூவர்தான். சுபாஷ், மகப்பேற்று வைத்தியர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா, ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுனித் முகர்ஜி. இந்தச் சுனித் முகர்ஜி வைத்தியர் அல்லர். உணவுத் தொழினுட்பத் துறையைச் சேர்ந்தவர். உயிருள்ள பொருட்களைக் குளிரில் உறையச் செய்து காப்பது அவருக்குக் கைவந்த கலை. குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கு உணவுத் தொழினுட்பவியலாளர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சுபாஷின் மதிநுட்பம் இருக்கிறது.

மீண்டும் இரு கடிகாரங்களை நினைத்துப் பாருங்கள். பல புடைப்புகள் ஒரே நேரத்தில் முதிர்ந்தால் ஒவ்வொன்றும் ஈஸ்திரஜனைச் சுரக்கும். குருதியில் ஈஸ்திரஜன் வழமையைவிடப் பன்மடங்கு உயரும். அதனைத் தொடர்ந்து வரும் புரொஜெஸ்தரோனின் ஒழுங்கும் மாறும். கருப்பையின் கடிகாரம் பிசகிவிடும். முளையம் நன்றாக இருந்தும் உட்படை ஏற்காது. இங்கிலாந்துக் குழுவினரின் ஆரம்பத் தோல்விகளுக்கும் ஓமோன் ஒழுங்கு இவ்வாறு குலைந்ததே காரணம் எனக் கருதப்படுகின்றது. அவர்கள் ஊசியை விட்டார்கள். சுபாஷோ முளையத்தை உறைய வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஊசியின் விளைவு முற்றாக நீங்கி, அப்பெண்ணின் உடல் தானாகவே ஒரு இயற்கைச் சக்கரத்திற்குத் திரும்பிய பின்னர், உரிய நாளில் முளையத்தை உருக்கிக் கருப்பையில் வைத்தார். இடையில் கழிந்தவை 53 நாட்கள்.

உறையச் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. கலத்தினுள் இருப்பதில் பெரும்பகுதி நீர். நீர் உறைந்து பனிக்கட்டிப் பளிங்குகள் உண்டானால் அவை கலமென்சவ்வைக் கிழித்துவிடும். வீட்டில் உறைபெட்டியில் வைத்த தக்காளியை வெளியே எடுத்தால் அது குழைந்து போவதைக் கண்டிருப்பீர்கள். இதைத் தடுக்க டைமெதைல் சல்பொக்சைட்டு என்னும் திரவத்தில் முளையத்தை இட்டுப் படிப்படியாகக் குளிரூட்டினர். அது கலத்தினுட் புகுந்து பளிங்குகள் உண்டாவதைக் குறைக்கின்றது. இன்று முளையங்களைத் திரவ நைதரசனில், சதம அளவையில் மறை 196 பாகை வெப்பநிலையில் வைத்திருக்கிறார்கள். அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. தாங்கியில் திரவ நைதரசன் குறையாது பார்த்துக்கொண்டாற் போதும். மின்வெட்டுக்குப் பழகிய எங்களுக்கு இது நல்ல செய்தியே.

1978 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 3 ஆம் திகதி, வங்காளம் துர்க்கை பூசைக்குத் தயாராகியிருந்த வேளையில், கல்கத்தாவில் பெண் குழந்தை பிறந்தது. காலத்திற்கேற்ப துர்கா என்று அழைத்தார்கள். லூயிஸ் பிறந்து 70 நாட்களே ஆகியிருந்தன.

குழு விசாரிக்கின்றது

உலகில் இரண்டாவது, இந்தியாவில் முதலாவது. இந்தச் செய்தி நாட்டுக்கு எத்துணை பெருமை! ஆனால் நடந்தது வேறு. சுபாஷ் தமது முறையை விளக்கி மேற்கு வங்க அரசின் சுகாதார சேவைப் பணிப்பாளருக்கு அந்த ஒக்ரோபர் மாதத்திலேயே அறிக்கை கொடுத்தார். குளிரியல் பற்றிய இந்திய ஆய்விதழ் ஒன்றிலும் மூவர் பெயரிலும் சுருக்கமான கட்டுரை வெளிவந்தது. சக வைத்தியர் பலர் நம்ப மறுத்தனர். இங்கிலாந்தில் பெரும் வசதிகளோடு பல்லாண்டு பாடுபட்டுச் செய்ததை இவர் இந்தச் சிறிய இடத்தில் எப்படிச் செய்திருக்க முடியும் என்பது அவர்களது கேள்வி.

1978 நவம்பரில் அரசு நிபுணர் குழு ஒன்றை நியமித்தது. அதன் தலைவர் மிருணாள் குமார் தாஸ்குப்தா. கல்கத்தாவில் வானொலிப் பௌதிகவியல் துறைப் பேராசிரியர். தம் துறையில் அவர் அறிஞராகவே இருந்திருப்பார். அதைக் குறை கூற இடமில்லை. ஆனால் கபச்சுரப்பியும் சூலகமும் முளையமும் பற்றிய ஒரு உரிமைக் கோரலை மதிப்பிடுவதற்கு வானொலி அலை நிபுணர் தலைவராக அமர்ந்தது விந்தையே. விசாரணையில் நடந்த ஓர் உரையாடலைச் சுனித் முகர்ஜி பின்னாளிற் கூறியுள்ளார். முளையங்களை மூடி முத்திரையிட்ட கண்ணாடிச் சிமிழ்களில் வைத்ததாகச் சுபாஷ் சொன்னாராம். சிமிழை மூடும்போது முளையம் இறந்துவிடாதா என்று வியப்போடு கேட்டார்களாம். கண்ணாடிச் சிமிழின் கழுத்தைச் சுவாலையில் உருக்கி மூடுவது ஆய்வுகூடங்களில் அன்றாடம் நடக்கும் வேலை.

சுபாஷின் கோரல் நம்பத்தக்கதன்று என்பதே குழுவின் முடிவு.

சற்று நிதானமாகச் சிந்தியுங்கள். சந்தேகப்படுவது விஞ்ஞானத்தில் குற்றமன்று. யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்க வேண்டியதே முறை. அப்படியானால் இந்த விடயத்தில் எதனை ஆதாரமாகக் கொள்ளலாம்? குழந்தையைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. கிண்ணத்தில் கருக்கட்டிய குழந்தையும் குழாயில் கருக்கட்டிய குழந்தையும் ஒன்று போலவே இருக்கும். தாயின் குழாய்கள் பழுதடைந்திருந்தன என்பதற்கான மருத்துவப் பதிவு ஒரு சான்று. ஓமோன் ஊசிகளின் அளவும் நாட்களும் எழுதிய குறிப்பு இன்னொன்று. உறைய வைத்த முறையை அதே நிபந்தனைகளில் மீண்டும் செய்து பார்ப்பது மூன்றாவது. இன்னுமொன்றும் உண்டு. லூயிஸ் பிறந்த செய்தி உலகெங்கும் பரவியபோது கல்கத்தாவிலிருந்த இந்தத் தாய் கருவுற்றுப் பல மாதங்களாகிவிட்டன. எனவே பத்திரிகையைப் பார்த்து உருவாக்கிய கதை இது என்று கூற வழியில்லை.

குழந்தையின் பெற்றோர் முன்வந்து பேசியிருந்தால் நிலைமை மாறியிருக்கக்கூடும். அவர்கள் அஞ்சினார்கள். சுபாஷும் அவர்களை வற்புறுத்தவில்லை. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது வைத்தியரின் கடமை. தம் பெயரைக் காக்க அவர்களை வெளியே இழுத்துவர அவர் விரும்பவில்லை என்பதே எமது கருத்து.

இறுதி ஆண்டுகள்

1979 இல் யப்பானின் கியோட்டோப் பல்கலைக்கழகத்திலிருந்து தமது பணியை விளக்குமாறு சுபாஷுக்கு அழைப்பு வந்தது. அரச ஊழியராகிய அவர் வெளிநாடு செல்ல அரசின் அனுமதி வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டது. கல்கத்தாவிலிருந்து தொலைவிலுள்ள பாங்குரா மருத்துவக் கல்லூரியிற் கடமையாற்றி வந்த அவர், பின்னர் இருதய நோய்க்கும் ஆளானார். கல்கத்தாவுக்குத் திரும்பிய பிறகும் ஆய்வைத் தொடர்வதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை. 1981 ஜூனில் இன்னொரு இடமாற்ற உத்தரவு வந்தது. இம்முறை கண் மருத்துவ நிறுவனத்துக்கு. மின்னுடற்றொழிலியற் பேராசிரியர் பதவி. வாழ்நாள் முழுவதும் இனப்பெருக்க ஓமோன்களை ஆராய்ந்தவரைக் கண்ணின் மின்சைகைகளைப் பார்க்க அனுப்பினார்கள்.

1981 ஆம் ஆண்டு ஜூலை 19 ஆம் திகதி சுபாஷ் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 50. மனைவி நமிதா ஓர் ஆசிரியை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

பெட்டியில் கிடந்த குறிப்புகள்

இதன் பின் உலகம் அவரை மறந்தது. உறைந்த முளையத்திலிருந்து முதலாவது குழந்தை 1984 இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் பிறந்ததாகப் பதிவாகியது. இந்தியாவில் 1986 ஓகஸ்ட் 6 ஆம் திகதி பம்பாயில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. வைத்தியர் இந்திரா ஹிந்துஜாவும் விஞ்ஞானி ரி.சி. ஆனந்தகுமாரும் சேர்ந்து சாதித்தது இது. முறையாகப் பதிவு செய்யப்பட்டிருந்ததால் இந்தியாவின் முதலாவது பரிசோதனைக் குழாய்க் குழந்தை என்ற பெயர் அக்குழந்தைக்குக் கிடைத்தது.

இந்த ஆனந்தகுமார் 1997 இல் ஒரு மாநாட்டுக்காகக் கல்கத்தா சென்றார். அங்கே சுனித் முகர்ஜி தாம் காப்பாற்றி வைத்திருந்த சுபாஷின் குறிப்புகளையும் கடிதங்களையும் அறிக்கையையும் அவரிடம் கொடுத்தார். ஆனந்தகுமார் வாசித்தார். எந்த மருந்து, எந்த அளவு, எந்த நாள், எப்படி உறைய வைத்தது என்பதெல்லாம் அதில் இருந்தன. இத்துறையில் அனுபவமுள்ள ஒருவர் அந்தத் தாள்களை வாசித்தபோது ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. துர்காவின் பெற்றோரையும் அவர் சந்தித்துப் பேசினார். பின்னர் அதே ஆண்டு கரண்ட் சயன்ஸ் என்னும் இந்திய ஆய்விதழில், முதலிடம் தமக்கு உரியதன்று, சுபாஷ் முகர்ஜிக்கே உரியது என்று எழுதினார்.

மாணவர்களே, இந்த இடத்தில் ஒரு கணம் நிற்போம். பதினொரு ஆண்டுகளாகத் தம்மிடம் இருந்த புகழை, இறந்துபோன ஒருவருக்காக ஒருவர் தாமாகவே எடுத்துக் கொடுத்தார். எவரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. இப்படியானவர்களை விஞ்ஞான வரலாற்றில் அதிகம் காண முடியாது. ஆனந்தகுமார் 2010 இல் காலமானார். அதே ஆண்டில்தான் றொபேட் எட்வேட்ஸுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஸ்ரெப்ரோவும் பேர்டியும் அதற்கு முன்னரே இறந்துவிட்டார்கள். இறந்தவர்க்கு அப்பரிசு கொடுக்கப்படுவதில்லை.

சுபாஷின் வாழ்க்கையைத் தழுவி 1990 இல் தபன் சின்ஹா இயக்கிய ஒரு ஹிந்தித் திரைப்படமும் வெளிவந்தது. அதில் வரும் வைத்தியர் தொழுநோய்க்குத் தடுப்பு மருந்து கண்டுபிடிக்கின்றார். ஆகவே படத்தைப் பார்த்துவிட்டு அதையே சுபாஷின் வரலாறாக விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள்.

இன்று கொழும்பிலும் கருவளச் சிகிச்சை நிலையங்கள் இயங்குகின்றன. பத்திரிகைகளில் அவற்றின் விளம்பரங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஓமோன் ஊசியால் பல சூல்களை முதிரச் செய்தல், கழியொலிப் படத்தைப் பார்த்தவாறே யோனிவழியூடாக ஊசி செலுத்திச் சூலை எடுத்தல், முளையத்தை உறைய வைத்துப் பிந்திய சக்கரம் ஒன்றில் கருப்பையில் வைத்தல் ஆகிய மூன்றும் இப்போது உலகெங்கும் நடைமுறையில் உள்ளன. இவை எல்லாத் தம்பதியருக்கும் வெற்றியளிப்பதில்லை. பெண்ணின் வயது கூடக் கூட வாய்ப்புக் குறையும். செலவும் பெரிது. ஆயினும் 1978 இல் நம்ப முடியாதவை எனத் தள்ளப்பட்டவை இம்மூன்றுமே.

துர்கா வளர்ந்து படித்து வேலைக்கும் சென்றார். 2003 இல், தமது 25 ஆவது வயதில், சுபாஷை நினைவுகூரும் விழா ஒன்றில் முதன்முறையாக எல்லோர் முன்னிலையிலும் வந்து நின்று தாம் யார் என்பதைத் தெரிவித்தார். சுபாஷ் இறந்து அப்போது 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பயிற்சி: உங்கள் குறிப்புப் புத்தகத்தில் அடுத்தடுத்து வரும் மூன்று மாதவிடாய்ச் சக்கரங்களை ஒரே அச்சில் வரையுங்கள். முதலாவது சக்கரத்தில் எச்.எம்.ஜி. ஊசி ஏற்றப்பட்டதாகக் கொண்டு ஈஸ்திரஜன் கோட்டை மாற்றி வரையுங்கள். சூல் எடுத்த நாளைக் குறியுங்கள். அங்கிருந்து 53 நாட்களை எண்ணி, முளையம் கருப்பையில் வைக்கப்பட்ட நாளையும் குறியுங்கள். அந்த நாளில் எந்த ஓமோன் உயர்ந்திருக்கிறது, அதனைச் சுரப்பது எது என்பதைக் கீழே எழுதுங்கள்.